மேஸ்திரியின் முறை

வெள்ளைப் பலகையில் முதலாவதாக எழுதியிருந்த 'படுக்கை 7' என்பதை மயக்க டாக்டர் உள்ளங்கையாலேயே அழித்தாள். பலகை துடைக்கிற துணி வழக்கம்போல யார் பைக்குள்ளோ போய் உட்கார்ந்திருந்தது. அறுவை முகாமின் கடைசி நாள், காலை ஆறு மணி ஐந்து நிமிடம். அழித்த இடத்தில் 'படுக்கை 15' என்று எழுதினாள். ஏழாம் படுக்கையைக் கீழே கொண்டுபோய் ஐந்தாவதாக, எல்லோருக்கும் கடைசியாக எழுதினாள். இரண்டடி பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பட்டியல் அவளுக்குப் பிடித்திருந்தது.

பதினைந்தாம் படுக்கை எட்டு மாதக் கைக்குழந்தை. பிளந்த உதட்டோடு பிறந்தவன். ஐந்து நாளைக்கு முன்னால் மூக்கு ஒழுக, நெஞ்சு கரகரக்க வந்தவனை அவள்தான் "முடியாது" என்று தள்ளிவைத்தாள். சளி பிடித்த குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடக்கிற மாதிரி. ஆனாலும் அவனைப் பெற்றவள் ஊருக்குத் திரும்பாமல் வார்டின் மூலையிலேயே கிடந்தாள். இன்றைக்கு விடிந்ததும் போய் அவன் நெஞ்சில் குழலை வைத்தால், கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அந்தத் தாயிடம் தலையை ஆட்டிவிட்டு வந்தபோது டாக்டருக்கே காலில் ஒரு துள்ளல். ஒருவேளை தேறினால் என்று ராத்திரியிலிருந்தே அவனுக்கும் பால் நிறுத்தியிருந்தது. கைக்குழந்தைகளுக்குப் பசி தாங்காது, அதனால் அவன் முதலில். நடுவில் மூன்று பேருக்கு மேலண்ணம் பிளவு. முடிந்த பிறகு நெடுநேரம் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அவர்களைத் தள்ள முடியாது. ஏழாம் படுக்கைக்கு உதடு மட்டும்தான், முக்கால் மணி நேர வேலை. அதனால் அவள் கடைசி. காரணமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எட்டு வருடமாக ஆண்டுக்குப் பத்து நாள் விடுப்புப் போட்டு, சொந்தச் செலவில் கடல் தாண்டி வந்து, இந்த மாதிரிப் பட்டியல் போட்டுப் போட்டுக் கைதேர்ந்தவள் போட்ட பட்டியல் அது.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. வார்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மயக்கம் கொடுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து குழந்தையின் வயிற்றில் ஒன்றும் இருக்கக்கூடாது. ஏழாம் படுக்கைதான் முதல் ஆள் என்று நேற்று ராத்திரியே வார்டுக்குச் சீட்டுப் போய்விட்டது. நள்ளிரவுக்கு மேல் ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று கட்டில் கம்பியில் அட்டையும் தொங்குகிறது. இப்போது முறை ஒரு மணிக்குப் போய்விட்டதால், உடனே ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்கலாம். அப்புறம் பதினோரு மணி வரை சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். இதைச் சொல்லத்தான் அவள் கிளம்பினாள். நடைபாதையில் பாதி தூரம் வந்திருப்பாள். சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது.

வீட்டுக்காரர்.

"மோட்டார் ஓட மாட்டேங்குதும்மா. தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல."

"எந்த சுவிட்சுங்க போட்டீங்க?"

"இருக்கறதெல்லாம் போட்டுப் பாத்துட்டேன்."

இருபத்தாறு வருடமாக அதே வீட்டில் குடியிருக்கிற மனிதர். உத்தியோகத்தில் நூறு பேரைக் கட்டி மேய்க்கிறவர், வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதில் மட்டும் பச்சைக் குழந்தை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி செவப்பா ஒண்ணு இருக்கும், அதப் போட்டீங்களா?"

"எந்தக் கதவு?"

"நம்ம சமையக்கட்டுக்கு எத்தன கதவுங்க இருக்கு?"

அவர் நடக்கிற சத்தம், எதையோ நகர்த்துகிற சத்தம், "அட, ஆமா" என்கிற சத்தம் எல்லாம் வரிசையாகக் கேட்டன. அவள் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாள். நாலு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் தியேட்டர் கதவைத் திறந்து பெரிய சிஸ்டர், "டாக்டர், ஆக்சிஜன் முள்ளு எறங்குது, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். கைப்பேசியை அணைத்துவிட்டு டாக்டர் திரும்பி நடந்தாள். சிலிண்டரை மாற்றினார்கள், குழாய்களைச் சரிபார்த்தார்கள், மருந்துகளைச் சின்னச் சின்ன ஊசிகளில் ஏற்றி வைத்தார்கள், ஏழரைக்குக் கைக்குழந்தை வந்துவிட்டான். அவள் வார்டுக்குப் போகவில்லை. போகவில்லை என்ற நினைப்பும் வரவில்லை. பாதி வழி நடந்த கால் முழு வழியும் நடந்துவிட்டதாகவே மனசில் பதிவாகிவிட்டது.

ஏழாம் படுக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு வயதுப் பெண். வார்டில் அவளுக்கு 'மேஸ்திரி' என்று பேர். வைத்தவர் அறுவை டாக்டர்; ஊரிலிருந்து கூட வந்த கூட்டம் அவரைத் 'தையல்காரர்' என்று கூப்பிட்டதால், அவர் பதிலுக்கு எல்லோருக்கும் ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் வந்தாள். மூக்குக்குக் கீழே முகம் முழுவதையும் பச்சைத் துணி ஒன்று மூடியிருந்தது. கண் மட்டும்தான் தெரிந்தது. துணியை அவிழ்க்கச் சொன்னபோது இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அப்புறம் மெல்லத் திரும்பி வார்டைப் பார்த்தாள். இருபத்தாறு கட்டில், இருபத்தாறு குழந்தை, எல்லாம் தன்னைப் போலவே. உதடு இரண்டாகப் பிரிந்து மூக்கோடு போய்ச் சேர்ந்த வாய்கள். அப்படி ஒரு வாய் உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தாளோ என்னவோ, வெகுநேரம் அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் துணி இடுப்புக்கு இறங்கியது. அதற்கு மறுநாள் தலைப்பாகையாக ஏறியது. கையில் எங்கிருந்தோ ஒரு குச்சி. காலையும் மாலையும் கட்டில் கட்டிலாகப் போய், அறுவை முடிந்த குழந்தைகளின் உதட்டுத் தையலைக் குனிந்து பார்த்து, சரி என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். தையல்காரருக்கு வார்டுக்குள் நுழையும்போதே விசில் அடிக்கிற பழக்கம். அவளுக்கு அதன் மேல்தான் கண். அவர் எதிரில் போய் நின்று கன்னத்தை உப்பி ஊதுவாள். பிளவு வழியாக வெறும் காற்று 'புஸ்' என்று போகும். அவள் அண்ணன் நன்றாக விசில் அடிப்பானாம். ஊருக்குத் திரும்பும்போது பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீடு வரைக்கும் அடித்துக்கொண்டே போகப் போகிறாளாம். அவளுடைய அம்மா இதைச் சொல்லச் சொல்ல, வாத்தியார் மொழிபெயர்த்துச் சொன்னார். வாத்தியார் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகாமில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள். அவர் வாய் திறந்தால்தான் அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியும்.

"தையல் ஆறட்டும். ஒரு மாசம் கழிச்சு ஊதிப் பாரு, அப்புறம் என் பொழப்புல மண்ணு" என்று தையல்காரர் சொன்னார். அவள் அதை நம்பினாள். முகாம் ஐந்து நாள், அவள் முறை கடைசி நாளில் வந்தது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. மேஸ்திரி என்றால் எல்லோர் வேலையும் முடிந்த பிறகுதானே போக வேண்டும்.

தியேட்டருக்குள் நேரம் போவது தெரியாது. கைக்குழந்தைக்கு நன்றாக முடிந்தது. இரண்டாவது குழந்தைக்கு ரத்தம் கொஞ்சம் கூடுதலாக வந்து அரைமணி நேரம் தாமதமானது. அறுவை டாக்டருக்குப் புகழ், மயக்க டாக்டருக்குப் பழி என்று அந்தத் தொழிலில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். அவளுக்கு அதில் குறையில்லை. குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு விரலை அதன் நாடியில் வைத்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்குத் தெரிந்த தியானம். நாலாவது குழந்தை கண் விழித்து அழுதபோது மணி ஒன்று பத்து. நாலு மணிக்குத் தியேட்டரை அந்த மருத்துவமனைக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாலரைக்கு பஸ், எட்டு மணிக்கு விமானம். காயத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு நர்சுகள் மட்டும் மூன்று நாள் தங்குவார்கள். "ஒண்ணுதான் பாக்கி. மேஸ்திரிய வரச் சொல்லுங்க" என்று தையல்காரர் கை கழுவப் போனார். குழாயடியில் அவருடைய விசில் கேட்டது.

மேஸ்திரி நடந்து வருவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அம்மா தூக்கிக்கொண்டு வந்தாள். பச்சைத் துணி இடுப்பில் இருந்தது. டாக்டரைப் பார்த்ததும் குழந்தை தோளிலிருந்து தலையைத் தூக்கி, குச்சி இல்லாத வெறுங்கையை ஒருமுறை ஆட்டினாள்.

தியேட்டர் வாசலில் ஒவ்வொரு தாயிடமும் டாக்டர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பாள். கடைசியாக எப்போது சாப்பிட்டது? தண்ணீர் ஏதாவது குடித்ததா? வேறு யாராவது, பக்கத்துக் கட்டில்காரர், பார்க்க வந்தவர், எதையாவது வாயில் போட்டார்களா? ஒரு தரம் கேட்டால் பயத்தில் இல்லை என்பார்கள். மூன்றாம் தரம் உண்மை வரும். இந்தத் தாயிடம் மூன்று தரம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வாத்தியார் முகம் மாறியது. "பாலும் ரெண்டு பிஸ்கட்டும் குடுத்தாங்களாம் டாக்டர்."

"எப்ப?"

"பன்னண்டரைக்கு."

அப்புறம் வாத்தியாரே அந்தப் பெண்ணைத் திட்ட ஆரம்பித்தார். அந்த மொழி தெரியாவிட்டாலும் திட்டு திட்டாகத்தானே கேட்கும். அட்டையில எழுதிப் போட்டிருக்கு, கண்ணு தெரியலையா, அஞ்சு நாள் காத்திருந்து கடைசி நிமிஷத்துல கெடுத்தியே. அவள் தலை குனியவில்லை. டாக்டரைப் பார்த்தே பேசினாள், நிறுத்தி நிறுத்தி. வாத்தியார் வேண்டாவெறுப்பாகச் சொன்னார்: "நேத்து ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதாம். காலையில முதல்ல கூப்பிடுவாங்கன்னு இருந்தாங்களாம். வேற கொழந்தைய எடுத்துட்டுப் போனாங்க, அடுத்தது நாமன்னு இருந்தாங்களாம். அடுத்ததும் வேற, அதுக்கடுத்ததும் வேற. நர்சக் கேட்டா, இருங்க வரும்னு கையக் காட்டினாங்களாம். பசிக்குது பசிக்குதுன்னு அழுதவரைக்கும் தாங்கிக்கிட்டேன்னு சொல்றாங்க. அப்புறம் கேக்கறத நிறுத்திடுச்சாம். கண்ணத் தொறந்துக்கிட்டு பேசாம படுத்திருந்துச்சாம். அப்பதான் பயந்து குடுத்துட்டேன்னு சொல்றாங்க."

டாக்டரின் கால், நினைவுக்குள் அந்தப் பாதி நடைபாதையில் போய் நின்றது. அந்தச் சுவர், அந்தச் சிரிப்பு, 'எந்தக் கதவு?' எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. பதினாறரை மணி நேரம். நாலு வயதுக் குழந்தை. அதே பாலையும் அதே இரண்டு பிஸ்கட்டையும் காலை ஆறே காலுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தால் இந்நேரம் இவள் மேஜையில் படுத்திருப்பாள். "கொஞ்சம் இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தையல்காரர் ஈரக் கைகளை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார். சொன்னதைக் கேட்டதும் விசில் நின்றது. பெரிய சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆறு மணி நேரம்னா, ஆறரை ஆயிடும்," என்றாள் டாக்டர். "நான் இருந்துடறேன். நீங்களும் இருக்க முடியுமா சார்? ஃப்ளைட்ட நாளைக்கு மாத்திக்கலாம்."

"நான் இருப்பேம்மா. தியேட்டர்?"

பெரிய சிஸ்டர் அதற்கு முன்பே வெளியே போய்விட்டாள். அந்த மருத்துவமனை அதிகாரியிடம் கெஞ்சிவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பினாள். "நாலு மணிக்கு அவங்க சொந்த கேசு ரெண்டு வெச்சிருக்காங்க. அஞ்சு நாள் குடுத்ததே பெரிசுங்கறாங்க. நாளைக்கும் நாளன்னைக்கும் இடமே இல்லையாம். சிலிண்டர் வண்டியும் மூணு மணிக்கு வருது." சொல்லிவிட்டு, சமாதானம் போலச் சேர்த்தாள்: "நீங்க அந்தம்மாவக் கேட்டீங்களே டாக்டர், அதுவே போதும். தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு."

தலைப்பாகை என்றதும் டாக்டருக்குப் பச்சைத் துணி ஞாபகம் வந்தது.

தையல்காரர் மற்றவர்கள் நகரும் வரை காத்திருந்தார். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரு டம்ளர் பால்தானே. மூச்சுக் குழாய சட்டுனு உள்ள போட்டுட்டா ஒண்ணும் ஆகாது. உங்க கைக்கு இது தெரியாதா? நீங்க சரின்னு சொன்னா நான் எதையும் கேக்கல."

அவள் கைக்குத் தெரியும். ஆயிரத்தில் ஒன்பது நூற்றுத் தொண்ணூற்றொன்பது குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. மிச்சம் ஒன்றையும் அவள் கைக்குத் தெரியும். அவளுடைய முப்பதாவது வயதில், சொந்த ஊர் ஆஸ்பத்திரியில், குடலிறக்கத்துக்காக வந்த பையன். அத்தைக்காரி பாசத்தில் ஒரு வாய் ஊட்டியிருந்தாள். அதை யாரும் சொல்லவில்லை. டாக்டரும் ஒரு தரம்தான் கேட்டிருந்தாள். மயக்கத்தில் வயிற்றில் இருந்தது மேலே வந்து நுரையீரலுக்குள் போனது. ஒன்பது நாள் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் உட்கார வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்துதான் மூன்று தரம் கேட்கிற பழக்கம். ஓர் உதடு இல்லாமல் குழந்தை உயிரோடு இருக்கலாம். தன் தப்பை மறைக்க ஒரு குழந்தையின் உயிரையே இன்னொரு தரம் பணயம் வைப்பதா என்று நினைத்தாள். தப்பைச் செய்தவளே தண்டனையையும் படிக்க வேண்டியிருந்தது.

"வேணாம் சார்," என்றாள். அவர் கையைத் தாழ்த்திக்கொண்டார்.

வெளியே வாசல் பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பால் உள்ளே போனதில் குழந்தைக்குத் தெம்பு வந்து, கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஒரு சொலவடை இருக்கிறது. இந்த வாயைப் பார்த்துக்கொண்டு அதை நினைப்பதே பாவம். டாக்டர் தாயின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இப்ப செய்ய முடியாதுன்னு சொல்லுங்க," என்றாள் வாத்தியாரிடம். "ஏன்னும் சொல்லுங்க. அவங்க தப்பு எதுவும் இல்ல. காலையில முறைய மாத்தினது நான். கொழந்தைக்குச் சாப்பிடக் குடுங்கன்னு வந்து சொல்ல வேண்டியதும் நான்தான். சொல்ல மறந்துட்டேன். எம்மேலதான் தப்பு. இத அப்படியே சொல்லுங்க."

வாத்தியார் டாக்டரையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பேசினார். டாக்டர் சொன்னதில் கால்வாசிகூட இருக்காது அது. தாய் கேட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று டாக்டர் காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாய் இரண்டு தரம் தலையை அசைத்து ஏதோ சொன்னாள்.

"மன்னிச்சிடுங்கன்னு சொல்றாங்க," என்றார் வாத்தியார்.

"யாரு? அவங்களா? நான் சொன்னதச் சொன்னீங்களா நீங்க?"

"சொல்ல வேண்டியதச் சொன்னேன் டாக்டர்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீங்க சாயங்காலம் போயிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும். ஒவ்வொரு வீடா போய் அம்மாக்கள் கால்ல விழாத குறையா கூட்டிட்டு வர்றவன் நான். டாக்டரே தப்புப் பண்ணிட்டாங்கன்னு ஒரு பேச்சு கெளம்பிச்சுன்னா அப்புறம் ஒருத்தி வரமாட்டா. இவங்க தப்புன்னா இவங்களோட போயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணும் குடுக்கலன்னு அந்தம்மா பொய் சொல்லியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். பாவம், நெசத்தச் சொல்லிட்டாங்க" என்றார்.

டாக்டர் தாயின் பக்கம் திரும்பி, அவள் கண்ணைப் பார்த்து, வலது கையைத் தன் நெஞ்சில் வைத்துத் தட்டிக் காட்டினாள். நான். நான்தான். என்னுடையது. அந்தப் பெண் ஒரு நொடி புரியாமல் பார்த்தாள். பிறகு முகம் இளகி, தானும் வலது கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஏதோ மரியாதைக்குப் பதில் மரியாதை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அம்மா செய்ததைப் பார்த்து மேஸ்திரியும் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் எழுந்து சுவர்ப் பக்கம் போய் நின்று, முகக்கவசத்துக்குள்ளேயே அழுதாள்.

அடுத்த வருடம் என்று சொல்லலாமா என்று பெரிய சிஸ்டரிடம் கேட்டாள். அடுத்த வருடம் முகாம் வேறு நாட்டுக்குப் போகிறது. இங்கே மறுபடி வர மூன்று வருடமாவது ஆகும். தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் இரண்டு நாள் பயணம், அங்கேயும் வருடக்கணக்கில் வரிசை. ஆனாலும் டாக்டர் ஒரு கடிதம் எழுதினாள். குழந்தையின் எடை, ரத்தத்தின் அளவு, இதயம் சரியாக இருப்பது, அறுவைக்கு முழுத் தகுதி, குழந்தையிடமோ தாயிடமோ எந்தக் குறையும் இல்லை, எங்களுடைய தவறால்தான் நின்றுபோனது, தயவுசெய்து முன்னுரிமை கொடுங்கள். கடைசி வரியை எழுதும்போது பேனாவை அழுத்திப் பிடித்தாள். யாராவது ஒரு டாக்டர், என்றைக்காவது, எங்கேயாவது அதைப் படிப்பார். தாய் அதை நாலாக மடித்து, துணிப்பையின் அடியில், மாற்றுத்துணிக்குக் கீழே வைத்தாள்.

மேஸ்திரிக்கு எப்போது புரிந்தது என்று யாருக்கும் தெரியாது. தங்கப் போகிற நர்ஸ் ஒருத்தி பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அம்மா சொன்னாள். குழந்தை பொட்டலத்தைப் பார்த்தாள், தியேட்டர் கதவைப் பார்த்தாள், பொட்டலத்தைத் திறக்கவில்லை. மயக்கத்துக்கு முன்னால் சாப்பிடக்கூடாது என்று அவளுக்குத்தான் தெரியுமே. ஐந்து நாளாக மற்றக் குழந்தைகளின் கட்டிலைச் சுற்றி வந்து அதைக் கண்காணித்தவள். சாப்பிடலாம் என்றால் இனித் தையல் இல்லை என்று அவளாகவே யோசித்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். கீழே இறங்கி வார்டுக்குள் போனாள். தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த குச்சியை எடுத்தாள். காலையில் அறுவை முடிந்த கைக்குழந்தையின் கட்டிலுக்குப் போனாள். அவனுடைய தாய், நாலைந்து மணி நேரமாகப் பார்த்தும் தீராமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி எக்கி நின்று தையலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தலையை ஆட்டினாள். குச்சியை அந்தக் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

நாலரை மணிக்கு பஸ் மருத்துவமனை வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பெட்டிகள் மேலே ஏறின. "இருபத்தஞ்சு கொழந்தைங்கம்மா. இந்த வருஷம் இருபத்தஞ்சு" என்று தையல்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். டாக்டரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததும் நிறுத்திக்கொண்டார். இருபத்தைந்து வீட்டில் இன்றைக்குச் சிரிப்பு இருக்கும் என்பது உண்மைதான். அதைக் கூட்டிப் பெருக்கினால் ஒரு வீட்டு அழுகைக்கு ஈடாகிவிடுமா என்று அவளும் ஒரு நிமிடம் பார்த்தாள். ஆகவில்லை. இரண்டும் பக்கத்தில் நிற்கவே மறுத்தன.

கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரர்.

"ஏம்மா, மோட்டார் ஓடிச்சு, நல்லாத்தான் ஓடிச்சு. இப்ப சாயங்காலம் மறுபடி போட்டேன், தொட்டி ரொம்பி வழியுது. எப்படி நிறுத்தறது?"

"அதே சுவிட்ச்தாங்க. மேல தூக்குங்க."

"அட, ஆமா." தண்ணீர் விழுகிற சத்தம் அங்கே நின்றது. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்ச் சாரியில், பஸ் நிற்கிற இடத்தில், கூட்டத்தோடு கூட்டமாக அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். தாயின் தோளில் துணிப்பை. வேலை முடிந்து போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிக் கூடைக்காரி ஒருத்தி. ஒரு பையன் போகிற போக்கில் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து நின்றான், பக்கத்திலிருந்தவனை இடித்துக் காட்டினான். ஐந்து நாளாக அப்படி ஒரு பார்வையை அவள் பார்க்கவில்லை. ஒரு கணம் அந்தப் பையனையே பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த பச்சைத் துணியை அவிழ்த்தாள். அம்மாவிடம் கேட்கவில்லை. இரண்டாக மடித்து, மூக்குக்குக் கீழே வைத்து, இரண்டு முனையையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோய், கண்ணால் பார்க்காமலே முடிச்சுப் போட்டாள். பழகின கை.

"என்னம்மா, லைன்ல இருக்கியா? எல்லாம் முடிஞ்சுதான்னு கேட்டேன்."

"வந்து சொல்றேங்க," என்றாள்.

பஸ் நகர்ந்தது. டாக்டர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். குழந்தை அவளைப் பார்க்கவில்லை. அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி, துணிக்குள் ஏதோ செய்துகொண்டிருந்தாள். பச்சைத் துணி வாய்க்கு நேராக முன்னால் உப்பியது, அடங்கியது. கன்னம் இரண்டும் வீங்க, மறுபடி உப்பியது.